மடங்கிய கட்டைவிரல்

எழுபதுகளில் நான் பத்திரப் பதிவு அதிகாரியாக இருந்தேன். படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பெரியவரிடம் கைரேகை வாங்க, மயிலாப்பூரில் அவர் வீட்டுக்கே போனேன். எலும்பும் தோலுமாக இருந்தார். இடது கட்டைவிரலைக் கைக்குழந்தையைப் போல உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தார்.

“வாதம் சார். விரல் மடங்கிடுத்து,” என்றார் அவரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி மகன்.

வீட்டைத் தம்பி மகனுக்கு எழுதிக்கொடுக்கச் சம்மதமா என்று விதிப்படி கேட்டேன்.

“பூரண சம்மதம் சார்.” தம்பி மகனே சொன்னார், அவரே பெரியவரின் விரலைப் பிரித்து மையில் அழுத்திப் பத்திரத்தில் பதித்தார்.

மையைத் துடைக்க நான் பஞ்சை எடுத்ததும், பெரியவரின் கை தானாகவே விரிந்தது.

“சம்மதமான்னு அவனைப் பார்த்துக் கேட்டேளே,” என்றார் மெல்ல. “வீடு என்னோடதில்லையோ?”

காதில் விழாதவனைப் போலப் பதிவேட்டை மூடினேன்.