சாம்பியா வீதியில் சுட்ட முதல் பணியாரம்

போன வருடம் செப்டெம்பரில், எங்கள் மகளின் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது நடந்தது இது. இடம், மெல்பேர்ணின் வடக்கே கிரெய்கிபர்னில் உள்ள எங்கள் வீடு. ஆனால் பாதிக் கதை ஆபிரிக்காவில், சாம்பியாவின் பெரிய நெடுஞ்சாலையில் நடந்தது.

மாப்பிள்ளை சாம்பியாக்காரர். மகள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் அவரும் நேர்ஸ். தங்கமான பிள்ளை. எங்கள் மீன்குழம்பை உறைப்புக் குறைக்காமல் சாப்பிடுவார். அவரில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்கிருந்த பயம் வேறு. அவருடைய தாய் தகப்பனோடு நாங்கள் என்னத்தைக் கதைப்பது? நாங்கள் மன்னார்க் கரையோரத்துச் சனம். அவர்களோ கடலே இல்லாத நாட்டுக்காரர். வீடியோவில் "ஹலோ, எப்படிச் சுகம்?" என்று கேட்டு முடிந்ததும் இரண்டு பக்கமும் சும்மா சிரித்துக்கொண்டிருப்போம். கன்னம் நோகும்.

அன்றைக்கு அவர்கள் விமானம் ஏறும் நாள். வடக்கே ம்பிக்கா என்ற ஊரிலிருந்து தலைநகர் லுசாக்காவுக்குக் காரில் வரவேண்டும். அந்த நெடுஞ்சாலை தான்சானியா எல்லையில் தொடங்கி, ம்பிக்கா, செரெஞ்சே, கபிரி ம்போஷி, கப்வே என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு லுசாக்காவுக்கு இறங்குகிறது. செம்பு ஏற்றும் லொறிகள் ஓடி ஓடிக் குழி விழுந்த பழைய தாரைக் கிளறி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார்கள். லுசாக்காப் பக்கம் இரட்டைப் பாதையாக அகலப்படுத்துகிறார்கள். வேலை நடக்கும் இடத்தில் ஒரு பக்கத்தை நிற்பாட்டி மறுபக்கத்தை விடுவார்கள். இது எனக்குப் புதிதில்லை. மெல்பேர்ணில் வீதிவேலை நடக்கும் இடங்களில் 'ஸ்டொப்' பலகை பிடிப்பதுதான் என் தொழில்.

அதே நாள்தான் எங்கள் வீட்டில் பலகாரச் சூடு. கல்யாணத்துக்கு முன் உறவுக்காரப் பெண்கள் கூடிப் பலகாரம் பொரிப்பார்கள். எங்கள் குடும்பத்தில், முதல் பணியாரத்தை மாப்பிள்ளையின் தாய்தான் எண்ணெயில் போடவேண்டும். அங்கிருந்தே, வெளிக்கிடமுன் தன் வீட்டு அடுப்பில் ஒன்று போட்டு வீடியோவில் தொடக்கிவைப்பதாகச் சம்பந்தியம்மா சொல்லியிருந்தா. விடியமுன் அவசரத்தில் காரில் ஏறியதில் மறந்துபோனா. எங்கள் குசினியில் பணியாரத்துக்குப் பிடித்த பயற்றம் உருண்டை தட்டு நிறைய இருக்க, தோய்க்க மாவும் கரைத்து வைத்திருக்க, அடுப்பு மட்டும் எரியவில்லை.

"கொஞ்சம் பொரிப்பமே, அவ வந்து பிறகு போடட்டும்" என்றேன் நான்.

"சும்மா இருங்கோப்பா. அவ கை படாமல் தாச்சி அடுப்பில ஏறாது" என்றாள் மனைவி. வந்திருந்த பெண்கள் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஹோலுக்குப் போய்விட்டேன்.

ஹோலில் மாப்பிள்ளை, சம்பந்திகளின் கார் போகும் வழியை டிவியில் போட்டிருந்தார். நீலப் புள்ளி ம்பிக்காவைத் தாண்டி ஊர்ந்தது. செரெஞ்சே வரமுன் நின்றது. நின்றது நின்றதுதான். எங்களுக்குப் பின்னேரம், அங்கே காலை. மாப்பிள்ளை வீடியோவில் அழைத்துப் பார்த்தார். வீதிவேலைக்காகப் போட்ட மண் மாற்றுப்பாதையில் ஒரு லொறி புதைந்துவிட்டதாம். இரண்டு பக்கமும் அசைவில்லை.

மகளுக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்பா, இந்த ஃபிளைட் மிஸ் ஆனா அடுத்தது சண்டேதான் வந்து சேரும். சாட்டர்டே கோயில்ல அவையள் இல்லாமல் நான் எப்படி நிற்கிறது?" என்று அழத் தொடங்கினாள். என்னால் தாங்க முடியவில்லை.

மாப்பிள்ளையின் ஃபோனை வாங்கி, அங்கே பலகை பிடிக்கிறவரிடம் கொடுக்கும்படி சம்பந்தியம்மாவிடம் சொன்னேன். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் திரையில் வந்தா. நானும் இங்கே இதே வேலைதான் என்று இங்கிலீஷில் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தா.

"உங்கள் ஊரிலும் டிரைவர்மார் ஏசுவார்களா?"

"ஒவ்வொரு நாளும்."

இவர்களை மட்டும் விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அப்படி விட்டால் எதிரே என்ன வரும் என்று எனக்குத் தெரியும். லொறியை இழுக்க இயந்திரம் வந்துவிட்டதாகவும், பாதை திறந்ததும் கூடநேரம் காத்திருந்த இந்தப் பக்கத்தைத்தான் முதலில் விடுவதாகவும் அவ சொன்னா. எப்போது திறக்கும் என்று மட்டும் அவவுக்கும் தெரியவில்லை.

ஃபோன் சம்பந்தியம்மாவின் கைக்குத் திரும்பும்போது அவவுக்குப் பின்னால் புகை தெரிந்தது. நிற்கும் வாகனங்களை நம்பி வீதியோரத்தில் ஒருத்தி அடுப்பு மூட்டி, எண்ணெயில் மாவை உருட்டி உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். விதும்புவா என்று அதற்குப் பெயராம். பொரிந்து வந்ததைப் பார்த்தால் எங்கள் பணியாரத்தின் தங்கச்சி.

மனைவி என் கையிலிருந்த ஃபோனைப் பறித்தாள். "தம்பி, அம்மாட்டச் சொல்லுங்கோ, அங்க அவ போடட்டும். இங்க அதே நேரம் நான் போடுறன். கெதியாச் சொல்லுங்கோ!"

மாப்பிள்ளை தன் பாஷையில் சொன்னார். சம்பந்தியம்மா வீதியோர அடுப்பைத் திரும்பிப் பார்த்தா. பிறகு கைப்பையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, வியாபாரப் பெண்ணிடம் ஏதோ சொல்லி, சட்டையின் கையை மடித்துவிட்டு மாவில் கை வைத்தா. இங்கே தாச்சி அடுப்பில் ஏறியது. எண்ணெய் காயும் வரை அங்கே அவ மாவோடு காத்து நின்றா. மாப்பிள்ளை கை காட்ட, அங்கே ஒன்று, இங்கே ஒன்று, இரண்டும் ஒன்றாகச் சலசலத்தன.

அந்தச் சந்தோஷத்தில் சம்பந்தியம்மா நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் எழுப்பினா. வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். லொறிக்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரி ராமநாதபுரத்துப் பெண். கரண்டியோடு ஓடி வந்தா.

"ஐயோ, இது எங்க ஊர் குலவைங்க! கல்யாணத்துக்கு நாங்களும் இப்படித்தான் போடுவோம்!" என்று சொல்லி, கிரெய்கிபர்ன் அதிரப் பதில் குலவை போட்டா. அழுதுகொண்டிருந்த மகள் கண்ணைத் துடைக்க மறந்து சிரித்தாள். எனக்கும் கண் கலங்கியது, வெங்காயம் உரிக்கவில்லை.

நாங்கள் பொரித்து முடிக்கமுன் நீலப் புள்ளி அசைந்தது. வீடே கை தட்டியது. லுசாக்காவை நெருங்க, வேலை முடிந்த இரட்டைப் பாதையில் கார் பறந்ததாம். விடிந்து எழும்பினபோது, விமான இருக்கையில் இருவரும் பல் தெரியச் சிரிக்கும் படம் வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில் நான் "ஹலோ" சொல்ல வாய் திறக்கமுன், மனைவியும் சம்பந்தியம்மாவும் கட்டிப்பிடித்துக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். இவள் தமிழிலும் அவ தன் பாஷையிலும் பணியாரம் எப்படிப் பொரிந்தது என்று கையால் காட்டிக் காட்டிக் கார் வரை கதைத்தார்கள். பின்னால் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்த நானும் சம்பந்தியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். இந்த முறை கன்னம் நோகவில்லை. முன்பின் தெரியாதவர்களோடு என்னத்தைக் கதைப்பது என்று இப்போது நான் யோசிப்பதே இல்லை, அவர்களோடு சேர்ந்து செய்ய என்ன வேலை இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.