மச்சானுக்கு நான் எழுதிக் கொடுத்த அழுகை

மல்லசமுத்திரத்தில் அத்தை வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், என் சிறுகதை ஒன்று தொங்குகிறது. வார இதழில் வந்த மூன்று பக்கங்கள், லேமினேஷன் செய்து ஆணியடித்து மாட்டியவை. பிளாஸ்டிக்குக்குள் ஈரம் புகுந்து என் பெயரின் மேல் பழுப்பாய்ப் பூத்திருக்கிறது. அதற்கு முதுகைக் காட்டித்தான் எப்போதும் உட்காருகிறேன்.

கதையின் நாயகன் என் அத்தை மகன். போர்வெல் ரிக்கில் டிரில்லர். எட்டு வருடம் ஆப்பிரிக்காவில் துளை போட்டவர். இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தபோது ஒரு மத்தியானம் முழுக்க என்னிடம் பேசினார். நாற்பது வயது, பெண் அமையவில்லை. இங்கே கல்யாணமோ காதுகுத்தோ எழவு வீடோ, எங்கே போனாலும் "இன்னும் ஒண்ணும் அமையலீங்களா?" என்பதுதான் அவருக்குக் கிடைக்கும் வரவேற்பு. அங்கே அந்தக் கேள்வியே இல்லை. மக்காச்சோளக் களியும் ஆட்டுச் சாறும் பழகிவிட்டன, அவர்கள் பாஷையில் சண்டை போடவும் வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சியடித்தால் ஊரே சேற்றில் ஆடும், இவரையும் இழுத்துக்கொள்ளும். "நான் யாரூட்டுப் பையன், எத்தனை ஏக்கரான்னு அங்கெ ஒருத்தனும் கேக்க மாட்டான் மாப்ள. என்ர மூஞ்சியே எனக்கு அங்கெ போயித்தான் புடிச்சுது" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் அழுகையாக மாற்றினேன். நாடு விட்டுப் போனவன் ஏங்க வேண்டும், இரண்டாய்ப் பிளக்க வேண்டும், கண்ணாடியில் தன்னையே தெரியாமல் விழிக்க வேண்டும். மனதின் ஆழம் என்றால் அதுதான் என்று நம்பியிருந்தேன். நம்பினேனா, அது விலைபோகும் என்று தெரிந்து வைத்திருந்தேனா? கதையில் மச்சான் துளையிலிருந்து கிளம்பும் செம்மண் புழுதியை மோந்து, அம்மாவின் பழஞ்சேலையில் முகம் புதைத்துத் தேம்புவார். ஊர்ப் பெயரை நான் மாற்றவில்லை. ரிக்கின் நிறத்தைக்கூட மாற்றவில்லை. படித்துக் கண்ணீர் விட்டதாகக் கடிதங்கள் வந்தன. எனக்கு உச்சி குளிர்ந்தது.

அத்தைக்கு யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அவர் மகனின் பாஸ்போர்ட்டை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டார். மச்சான் திரும்பிப் போகப் பத்து நாள்தான் இருந்தது.

மச்சான் இதழும் கையுமாக என் வீட்டுக்கு வந்தார். "நான் எப்ப மாப்ள அழுதேன்?" கோபமே இல்லை, தெரியாமல்தான் கேட்டார். "வந்து அத்தனையும் பொய்யின்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் போடு. நான் சொன்னா, மறைக்கறேன்னு இன்னும் அழுவுது. தேதி தப்புனா வேற ஆளைப் போட்டுருவாங்க."

போனேன். வாசலிலேயே அத்தை என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பெத்தவகிட்டச் சொல்லாததை உன்கிட்டச் சொல்லியிருக்கறான் பாரு சாமி. நீ எழுதலீன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது." அக்கம்பக்கத்துப் பெண்கள் எழுத்தாளனை வேடிக்கை பார்த்தார்கள். மச்சானும் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் என்ற ஒற்றைச் சொல், நாக்கில்தான் இருந்தது.

"கொஞ்சம் கூட்டி எழுதிட்டேனுங்க அத்தை" என்றேன்.

கொஞ்சம்! அப்படியானால் மீதி நிஜம். அத்தை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் நானும் சொன்னேன், என்ன பிறவி நான். மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தேதி கடந்தது.

இப்போது அவர் திருச்செங்கோடு ரோட்டில் ஒரு ரிக் உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறார். போன மாதம் போயிருந்தேன். நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பவிருந்த டிரைவர் ஒருவர் அவரிடம், "அங்கெ எப்படீங்கண்ணா, இருந்துக்கலாங்களா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கீங்க இருக்கறது? செம்மண்ணுப் புழுதி வாசம் வந்தாப் போதும். அம்மா சேலையை மூஞ்சில வெச்சுட்டு அழுவாத நாளில்லீங்க" என்றார் மச்சான்.

சொல்லிவிட்டு, கிரீஸ் படிந்த புறங்கையால் கண்ணைத் துடைத்தார். கை ஈரமாகத்தான் இருந்தது.