ஆளில்லாக் கரையின் பேராசிரியர்

கலாநிதி ஸப்ரானுக்குப் படகில் ஏறினால் குமட்டும். ஆகவே அவர் கடல்சார் இயற்கைச் சுற்றுலாவில் நிபுணரானார். கற்பிட்டி டொல்பின்களைப் பற்றிக் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதித் தள்ளிய அவர் அந்த உயிரினத்தை நேரில் கண்டதில்லை; மாநாட்டு மண்டபங்களின் சுவரொட்டிகளில் கண்டிருக்கிறார். டொல்பின்களும் அதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

யுத்தம் முடிந்து, கரையெங்கும் விடுதிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். பேராசிரியர் பதவிக்கு அவருக்கு ஒரு பெரிய ஆய்வு குறைந்தது. கற்பிட்டிக் கரையில் கண்டக்குழி என்ற ஊரைத் தேர்ந்தார். மனைவி ஷம்லாவின் மாமா ஜப்பார் அங்கே கரைவலைச் சம்மாட்டி, ஆள் வைத்துக் கரையிலிருந்து வலை இழுக்கும் முதலாளி. சோற்றுக்கும் படுக்கைக்கும் குறைவிராது.

பல்கலைக்கழக விடுமுறையில் போனார். அது தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் பருவம். கடல் கொந்தளிக்கும், கரைவலைக்காரர் தங்கள் ஓலைக் குடில்களான வாடிகளைப் பிரித்துக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் போய்விடுவார்கள். ஜப்பாரும் போயிருந்தார். வீட்டில் ஆண்கள் எங்கே என்று ஸப்ரான் கேட்கவில்லை. மாமி பளீலாவிடம் கருவாட்டு ஆணம் இன்னும் இருக்கிறதா என்றுதான் கேட்டார். பிறகு வெறும் மணலைப் படம் பிடித்து, “பயன்பாடற்ற கரை, பசுமைச் சுற்றுலாவுக்கு உகந்தது” என்று எழுதினார். அந்த ஆய்வைக் காட்டி ஒரு கம்பனி கரையைக் குத்தகைக்கு எடுத்து வேலி போட்டது.

பருவம் மாறி, வடகிழக்கு வாடைக்காற்றோடு ஊர் திரும்பிய ஜப்பார், வேலியைக் கண்ட கையோடு புத்தளத்தில் ஸப்ரானின் வீட்டுக்கு வந்து மருமகனின் கதிரையில் உட்கார்ந்தார்.

“மருமகன், சோளகத்துல எவன் அங்க வலை வளைப்பான்? வாடையிலதானே எங்கட பாடு!”

“ஆய்வு நடக்கக்குள்ள நீங்க அங்க இருக்கல்லயே, மாமா.”

“ஓம், இருக்கல்ல. என்ட ஊட்டுச் சோறு மட்டும் இருந்திரிக்கி.”

தேத்தண்ணியோடு வந்த ஷம்லா நின்றாள். “யுத்தத்துல நீங்க உட்டுட்டு வந்த மன்னார்க் காணியில, உங்கட வாப்பாட காணியில, காடு மண்டின நேரம், ஆளில்லாத இடமெண்டு எல்லைக் கல்லு நட்ட வன இலாகாக்காரனுக்கு என்னா ஏச்சு ஏசினீங்க! இப்ப அந்தக் கல்லு உங்கட கையில.”

“அது வனம். இது கரையோரம். ரெண்டும் வேற துறை,” என்றார் ஸப்ரான்.

ஆனாலும் சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். அடுத்த வாரம் நேர்முகத் தேர்வு. கண்டக்குழியில் நாலு பேர் பதாகை பிடித்தால் பதவி போயிற்று.

“கொஞ்சம் பொறுங்க மாமா. சும்மா விரிவுரையாளன் எழுதினா கம்பனிக்காரன் குப்பையில போடுவான். பேராசிரியரானதும் திருத்தி எழுதுறேன், இன்ஷா அல்லாஹ்.”

படித்தவன் சொல்வதில் ஏதோ இருக்கும் என்று ஜப்பார் நம்பினார். மறியலுக்குக் கிளம்பிய தொழிலாளிகளைத் தானே தடுத்து உட்கார வைத்தார்.

ஊர் மக்களின் எதிர்ப்பு உண்டா என்று தேர்வுக்குழு கேட்டது. “ஒரு குரல்கூட எழவில்லை,” என்றார் ஸப்ரான், கண் கலங்க. பதவி கிடைத்தது.

மறுநாளே ஜப்பார் தொலைபேசியில் அழைத்தார். “இப்ப எழுதலாந்தானே, மருமகன்?”

“அதெப்படி மாமா? விரிவுரையாளர் பிழை விட்டா மன்னிப்பாங்க. பேராசிரியர் தன்ட ஆய்வைத் தானே பிழையெண்டா, பதவிக்கே இழுக்கில்லயா?”

ஜப்பார் தொலைபேசியை வைத்தார். அந்த வாரமே வலையை லொறியில் ஏற்றி, உடப்புக் கரையில் இன்னொரு சம்மாட்டியிடம் கூலிக்கு இழுக்கப் போனார்.

அந்த வாடைப் பருவத்தில் கண்டக்குழிக் கரையில் ஒரு காலடியும் படவில்லை. ஆய்வு கடைசியில் உண்மையாகிவிட்டது.