அட்டை இல்லாத வயல்

போன சனிக்கிழமை ஈப்போவில் ஒரு செடிக்கடைக்குப் போயிருந்தேன். வீட்டு மிளகாய்ச் செடி காய்க்கவும் மாட்டேன், சாகவும் மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. கடையில் இருந்த இளைஞன் காதில் கடுக்கன் போட்டிருந்தான். நான் கொண்டுபோன தொட்டி மண்ணை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு ஒரு பொட்டலத்தை நீட்டினான்.

"அங்கிள், மண்ணு புளிச்சிருச்சு. இத ஒரு ஸ்பூன் போட்டு விடுங்க, சரியாயிரும்லா."

பிரித்து முகர்ந்தேன். சுண்ணாம்புக்கல் தூள். காய்ந்த சிமெண்டுத் தரையில் முதல் மழை விழும்போது வருமே, அந்த வாசனை. ஈப்போவைச் சுற்றி நிற்கிற மலைகளில் ஏதோ ஒன்றை உடைத்து, அரைத்து, பூப்போட்ட பொட்டலத்தில் கட்டி எனக்கே விற்கிறான். சிரிப்பு வந்துவிட்டது. "என்னா அங்கிள்?" என்றான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். மண் புளிக்கும் என்பதைக் கற்றுக்கொள்ள நான் ஒன்பது குடும்பங்களைப் படுத்திய பாட்டைக் கல்லாப் பக்கத்தில் நின்று சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்லலாம். உங்களுக்கு நேரம் இருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. சிலாங்கூரில் ஒரு காலேஜில் விவசாய டிப்ளோமா முடித்துவிட்டு வேலையில் சேர்ந்த புதிது. பெல்பாட்டம், காதுக்குக் கீழே இறங்கிய கிருதா, சட்டைப் பையில் மூன்று பேனா. ஒரு பேனாதான் எழுதும். பெல்பாட்டத்தோடு சேற்று வரப்பில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு காலும் ஒரு கிலோ மண்ணோடுதான் எழும்பும். ஆனாலும் மடித்துவிட மாட்டேன். ஆபீசர் இல்லையா.

என்னைப் பாகான் டத்தோ பக்கம் அனுப்பினார்கள். அங்கே ஒரு தென்னந்தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னதும் போக்கிடம் இல்லாத ஒன்பது தமிழ்க் குடும்பங்கள் ஆற்றோரம் இருந்த அரசாங்க நிலத்தில் குடிசை போட்டு நெல் நட்டிருந்தன. நிலத்துக்கு இருந்தது வருடாவருடம் புதுப்பிக்கிற தற்காலிக அனுமதி மட்டும். நன்றாகப் பயிர் செய்தால் தொடரலாம், இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். முதல் வருடம் வெள்ளம் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. அதனால் ஒரு வருடம் பொறுத்தார்கள். இரண்டாவது வருடமும் விளையவில்லையென்றால் அந்த ஒன்பது குடும்பமும் மறுபடியும் ரோட்டுக்கு வரவேண்டியதுதான். விளைச்சலைக் கூட்டிக் கொடு என்று என்னை அனுப்பியது அந்த இரண்டாவது வருடத்துக்குத்தான்.

நெல்லைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதிகபட்சம் சோறு. நான் பத்து காஜா ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். பால் உறைய ஊற்றுகிற ஆசிட் வாசனையும் காய்கிற ஷீட் வாசனையும்தான் என் மூக்குக்குச் சொந்தம். அந்தக் குடும்பங்களும் எனக்குச் சளைத்தவை அல்ல. பரம்பரையாகத் தேங்காய் உரித்தவர்கள், பாரிட் தோண்டியவர்கள். பாரிட் என்றால் தோட்டத்து வடிகால். தென்னைக்கும் ரப்பருக்கும் வேரில் தண்ணீர் நிற்கக்கூடாது. ஆகவே தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் பாரிட் ஆழமாக இருப்பதுதான் விவசாயம். அளவுகோல் வைத்துப் பார்த்துத்தான் அந்த வேலைக்குக் கூலியே கொடுப்பார்கள். ஒருவன் தோண்டிய பாரிட்டைப் பார்த்தே ஆளை எடைபோடுகிற ஊர் அது.

முதல் கூட்டத்தில் நான் எழுந்து நின்று அறிவித்தேன்: "வெள்ளத்துல பயிர் போனதுக்குக் காரணம் வடிகால் சரியில்ல. பாரிட்ட ரெண்டு மடங்கு ஆழமாக்கணும்."

ஒருவர்கூட மறுக்கவில்லை. படித்தவனும் பாமரனும் ஒரே வார்த்தையில் ஒத்துப்போனால் சந்தேகப்படவேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. குழுத் தலைவர் மாணிக்கம் அண்ணன், தோட்டத்தில் பாரிட் வேலைக்கே பேர்போனவர், எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இதத்தாங்க தம்பி நானும் தலபாடா அடிச்சிக்கிறேன். சங்கோலு என்னாத்துக்கு இருக்கு?"

சங்கோல் என்றால் மண்வெட்டி. இரண்டு மாதம் அந்தச் சங்கோல்கள் ஓயவில்லை. நிலம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. மண்ணைப் புரட்டிப் புரட்டிக் காயப்போட்டார்கள். நான் வரப்பில் நின்று பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

எட்டுக் குடும்பம்தான் தோண்டியது. ஒன்பதாவது சரசு அக்கா. அவர் புருஷன் தென்னையிலிருந்து விழுந்து கால் உடைந்து தெலுக் ஆன்சன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மற்றவர்கள் போய் ஒரு கை கொடுத்திருக்கலாம். ஆனால் மாணிக்கம் அண்ணன் வீட்டு ஆடு சரசு அக்காவின் நாற்றங்காலை மேய்ந்ததும், அக்கா அதன் முதுகில் விறகுக்கட்டையால் ஒன்று வைத்ததும், அண்ணன் இனி அவள் வயலில் கால் வைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்ததும் எல்லாம் எனக்கு முன்பே நடந்து முடிந்திருந்தன.

நான் போய்ச் சொன்னேன். "அக்கா, உங்க ஒருத்தராலதான் திட்டமே கெட்டுப்போவுது."

"அப்ப நீயே இறங்கித் தோண்டுலா," என்றார். "பேண்ட்டு அகலமாத்தான் இருக்கு, காத்து வரும்."

என் நோட்டில் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

மழை வந்தது, நட்டார்கள். முதல் இரண்டு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. காரணம், தண்ணீர். எட்டு வயலிலும் தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிந்து கிடந்தது. குனிந்தால் கிருதா தெரியும். சரசு அக்கா வயல் மட்டும் பழைய கலங்கல். அதைவிடப் பெரிய சந்தோஷம், எட்டு வயலிலும் அட்டை இல்லை. கணுக்காலில் அட்டை ஏறாமல் சேற்றில் இறங்கியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை என்று பெண்கள் சொன்னார்கள். "தம்பி என்னமோ மருந்து வச்சிருக்காரு," என்று ஒரு பேச்சு கிளம்பியது. நான் மறுக்கவில்லை. மறுத்திருக்கவேண்டும்.

மூன்றாவது வாரம் இலை நுனிகள் துருப்பிடித்தன. நிஜமாகவே துரு. ஆரஞ்சு நிறம். நான் யூரியா போடச் சொன்னேன். பயிருக்கு என்ன வந்தாலும் நான் யூரியாதான் சொல்வேன். போட்டார்கள். துரு கீழே இறங்கியது. ஒரு பயிரைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் வளரவே இல்லை, பழுப்பாகக் கட்டையாக நின்றது. அந்த வாரம் மாணிக்கம் அண்ணன் மனைவி பாரிட் தண்ணீரில் பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் துவைத்துவிட்டு, டீத்தூள் நிறத்தில் காய்ந்ததை என்னிடம் தூக்கிக் காட்டினார். சும்மா காட்டினார்.

அன்றைக்கு மோட்டார் சைக்கிளைக்கூட எடுக்காமல் வரப்பு வரப்பாக நடந்தேன். எட்டு வயல் துரு. கடைசியில் சரசு அக்கா வயல். பச்சை என்றால் கண் கூசுகிற பச்சை. அக்கா முழங்கால் கலங்கலில் நின்று களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க என்னா உரம் போட்டீங்க?"

"உரத்துக்கு எங்க போவேன்? ஒண்ணும் போடல." காலிலிருந்து ஒரு அட்டையைப் பிய்த்து வரப்பில் எறிந்தார். "அதுங்க வயல்ல அட்டை இல்லையாமே. எனக்கும் அந்த மருந்து கொஞ்சம் குடுக்குறதுதான. என்னைய மட்டும் தின்னுது."

அந்த அட்டை வரப்பில் நெளிந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அட்டை மட்டுமா? அவர் வயலில் மீன் குஞ்சு ஓடியது, தவளை கத்தியது. என் எட்டு வயலிலும் ஒரு கொசுப்புழுகூட இல்லை. திரும்பி ஓடி, மாணிக்கம் அண்ணன் பாரிட்டில் ஒரு விரல் தண்ணீர் எடுத்து நாக்கில் வைத்தேன். படிகாரத்தைக் கடித்தது போல வாய் சுருங்கியது. பையில் காலேஜிலிருந்து கொண்டுவந்த லிட்மஸ் தாள் இருந்தது. அதுவரை யாருக்காவது படம் காட்டத்தான் வெளியே எடுத்திருக்கிறேன். தொட்ட மாத்திரத்தில் சிவந்தது.

பின்வரிசையில் தூங்கிக்கொண்டே கேட்ட ஒரு வகுப்பு அப்போதுதான் முழுசாக ஞாபகத்துக்கு வந்தது. கடலோரத் தாழ்நிலத்தில், மேல்மண்ணுக்குக் கீழே, பழைய சதுப்புக் காட்டுச் சேறு இருக்கும். அதில் கந்தகம் இருக்கும். தண்ணீருக்குள் இருக்கும்வரை அது பாட்டுக்குத் தூங்கும். ஆழமாகத் தோண்டி, தண்ணீரை வடித்து, காற்றுப்பட வைத்தால் விழித்துக்கொண்டு ஆசிடாக மாறும். அந்த ஆசிட் மண்ணிலிருந்து படிகாரச் சத்தையும், இலையிலும் சட்டையிலும் ஏறிய துருவையும் இழுத்து வெளியே விடும். குடத்துத் தண்ணீரில் படிகாரம் போட்டால் கலங்கல் அடியில் படியுமே, அதுதான் என் பளிங்குத் தண்ணீர். அட்டைக்கு வைத்த மருந்தும் அதுதான். நாங்கள் எட்டு வயலையும் ஊறுகாய் போட்டிருந்தோம்.

அறுவடைக்கு முன்னால் நில அதிகாரி வந்து பார்ப்பார். ஊருக்கே ஓடிப்போய்விடலாமா என்று நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. கோலா கங்சாரில் ஒரு மாமா இருந்தார், லாரி கம்பெனி, வேலை போட்டுக்கொடுப்பார். கடைசியில் மாணிக்கம் அண்ணன் வாசலில் போய் நின்றேன்.

"அண்ணே, தப்பு என்னுது. பாரிட்ட மூடணும்."

அவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். "என்னாது?"

"ஆழம் கூடாதுண்ணே. மண்ணு புளிச்சுப் போச்சு."

"மாவுதான் புளிக்கும். மண்ணு புளிக்குமா? ரெண்டு மாசம் தோண்டுனோம்லா! இப்ப மூடுன்னு சொல்றியே, இத நீ வந்து என் முதுகுகிட்ட சொல்லு."

நான் வாதாடவில்லை. இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். ஒன்று அவர் வயலுடையது, ஒன்று சரசு அக்கா வயலுடையது. சரசு அக்கா வயலில் பிடித்த ஒரு மீன் குஞ்சைத் தெளிந்த டம்ளரில் விட்டேன். அது சுற்றிச் சுற்றி வந்து, பிறகு சாய்ந்து மிதந்தது. மாணிக்கம் அண்ணன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்ச் சங்கோலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"மொத வெட்டு நீ."

பெல்பாட்டத்தை அன்றைக்குத்தான் மடித்துவிட்டேன். தென்னை மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டு, மண் அணைத்து, பாரிட்களை அடைத்தோம். ஆற்றில் தண்ணீர் ஏறும் நேரம் மதகைத் திறந்து வயலை நிரப்புவது, இறங்கும் நேரம் வடிப்பது, மறுபடி நிரப்புவது. புளிப்பைக் கழுவிக்கொண்டே இருந்தோம். ஈப்போவிலிருந்து லாரியில் சுண்ணாம்புக்கல் தூள் வந்தது. அதற்காக என் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுதினால் அச்சேறாது. தூளை வீசி வீசி எல்லோரும் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டோம். கண் மட்டும் தெரியும். யார் யாருடைய பெண்டாட்டி என்று தெரியவில்லை என்று ஒருவர் சொல்லி அடி வாங்கினார்.

நட்ட பயிரில் பாதி செத்திருந்தது. மறுபடி நட நாற்று வேண்டும். நாற்று மிச்சம் வைத்திருந்தது ஒரே ஆள். தூர் கட்டிய தன் பயிரைப் பிரித்துத் தரவும் அவரால்தான் முடியும். மாணிக்கம் அண்ணன் போய் வரப்பில் நின்றார். சத்தியம் செய்தவர், வயலில் கால் வைக்கவில்லை.

"என்னா அண்ணே, இங்கிட்டு வழி தவறிட்டீங்களா?" என்றார் சரசு அக்கா.

"நாத்து வேணும்."

"ஆடு?"

அண்ணன் வானத்தைப் பார்த்தார். "ஆடு மேஞ்சது தப்புத்தான்."

"கட்டாம விட்டது?"

"இனிமே கட்டிப் போடுறேன்லா, குடு தாயி."

கொடுத்தார். எட்டு வயலுக்கும் கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய புருஷனைக் கட்டிலோடு தூக்கிவரச் சொல்லி வரப்பில் வைத்து, மற்றவர்கள் நடுவதை வேடிக்கை பார்க்கவைத்தார்.

ஒரு மாதத்தில் புது இலை துரு இல்லாமல் வந்தது. ஒரு காலையில் மாணிக்கம் அண்ணன் மனைவி வயலுக்குள்ளிருந்து "ஐயோ, அட்டை! அட்டை!" என்று கத்தினார். நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். அட்டை கடித்ததற்குக் கைதட்டிய ஊர் பேராக் மாநிலத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அதிகாரி வந்த நாள் எனக்கு வயிற்றுப்போக்கு. வெறும் பயம்தான். அவர் குடையை ஊன்றிக்கொண்டு வரப்பின் மேல் மெதுவாக நடந்தார். அவருக்குப் பின்னால் ஒன்பது குடும்பமும் மூச்சு விடாமல் நடந்தது. சரசு அக்கா வயல் நன்றாக முற்றியிருந்தது. மற்ற எட்டும் பிந்தி நட்டதால் அப்போதுதான் பால் கட்டியிருந்தன, ஆனால் கதிர் தலை சாய்ந்திருந்தது. அவர் ஒரு மணியைக் கிள்ளி நகத்தால் அழுத்தினார். பால் வந்தது. "போலே," என்றார். ஆகட்டும் என்று அர்த்தம். ஒரே ஒரு சொல். மாணிக்கம் அண்ணன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நான் தென்னை மறைவுக்குப் போய் அழுதேன். வயிறும் சரியாகிவிட்டது.

பிறகு சில வருடங்களில் தற்காலிகம் நிரந்தரமாகி, ஒவ்வொருவர் பெயரிலும் நிலம் எழுதப்பட்டது. அதற்கு அப்புறம் நெல்லை யார் சீந்துவார்கள்? பிள்ளைகள் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். எண்பதுகள் முடிவதற்குள் வயல் எல்லாம் எண்ணெய்க்கு நடுகிற செம்பனை ஆகிவிட்டது. மாணிக்கம் அண்ணன் இல்லை, சரசு அக்காவும் இல்லை. போன வருடம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அக்கா மகள் வீட்டில் சாப்பிட்டேன். "இங்க நெல்லு நட்டாங்களா? சும்மா சொல்லாதீங்க அங்கிள்," என்றாள். வரப்பு எது, மதகு எது என்று எனக்கே காட்டத் தெரியவில்லை. அவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சத்தமாக யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். குடை ஊன்றிக்கொண்டு யாராவது வருகிறார்களா என்று ரோட்டைப் பார்க்கிற பழக்கம் அவள் அம்மாவுக்குக் கடைசிவரை இருந்தது. அவளிடம் அது இல்லை.