பரமக்குடியில் வாங்கிய மாலை

லேசர் கற்றையைப் படம் பிடிக்கும் காமிராவை அந்தக் கற்றையிடமிருந்தே காப்பாற்றுவது என் வேலையாக இருந்தது. ஒளி ஓர் அளவைத் தாண்டினால் காமிராவின் உணரி கருகிவிடும். அதனால் அதன் முன்னே, வெவ்வேறு அளவில் கறுத்த வடிகட்டிக் கண்ணாடிகள் பதித்த சக்கரம் ஒன்றைப் பொருத்தியிருந்தோம். லேசர் பாயும்போது அறைக்குள் ஆள் இருக்கக் கூடாது. அடுத்த அறையிலிருந்து பொத்தானை அழுத்திச் சக்கரத்தைத் திருப்புவேன். எப்போதும் மிகக் கறுத்த கண்ணாடியே முதலில். திரையில் மங்கலாகத் தெரிவதை அக்கண்ணாடியின் மதிப்பால் பெருக்கினால் உண்மையான ஒளி எவ்வளவு என்பது கிடைக்கும்.

எங்கள் ஊரில் சாவுச் சேதியும் அப்படித்தான் வரும். தொலைவில் இருப்பவனிடம் இறந்துவிட்டார் என்று சொல்ல மாட்டார்கள்; சீரியஸ் என்பார்கள். "சீரியஸ்னு சேதி வந்தா மாலைய வாங்கிக்கிட்டே பஸ் ஏறிறணும்ல" என்று சொல்லிச் சிரிப்பவர் என் அண்ணனேதான்.

ஒரு நாள் காலை அவர் பரமக்குடி டெலிபோன் பூத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்குப் பேசினார்.

"அய்யாவுக்கு சீரியஸ்டா. கெளம்பி வா."

நான் பெருக்கிக்கொண்டேன். அப்பா போய்விட்டார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் பரமக்குடி சேரும் ரயில் ஒன்று மதியம் இருந்தது, இரவில் ஒன்று. பிற்பகலில் புதிய சக்கரத்துக்கு முதல் சோதனை. போனவருக்குச் சில மணி நேரத்தில் என்ன குறைந்துவிடும் என்று எண்ணி, சோதனையை முடித்தேன். காமிராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரவு ரயிலில் கிளம்பினேன்.

மறுநாள் பிற்பகல் பரமக்குடியில் இறங்கி, ரோஜா மாலை ஒன்று வாங்கிக்கொண்டு ஊர்ப் பேருந்தில் ஏறினேன். வீட்டு முன், மிளகாய்க் களத்துத் தார்ப்பாயை அப்போதுதான் பந்தலாக இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் என் கையைப் பார்த்தார்.

"உசுரு போயி ரெண்டு மணி நேரந்தான்டா ஆகுது. ரயில்ல வந்த ஒனக்கு யாரு சொன்னா?"

அவரே தொடர்ந்தார்.

"காலை ரயிலுக்கு நீ வந்துருவேன்னு கண்ண மூடாமக் கெடந்தாரு. வந்துட்டானா, வந்துட்டானான்னு அதே கேள்விதான்."

அண்ணன் உள்ளதை உள்ளபடியே சொல்லியிருந்தார். கண்ணாடியே இல்லாத இடத்தில் நான் பெருக்கியிருந்தேன்.

பேருந்து நிலையத்தில் ஊர்க்காரர் ஒருவர் சொன்னார் என்றேன். அண்ணன் தலையசைத்து, மாலையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

சென்ற மாதம் அண்ணனும் போய்விட்டார். அந்த ஊர்க்காரர் யார் என்று அவர் கடைசிவரை என்னிடம் கேட்கவில்லை.