நூல் சடை

தனகோடி டீச்சரின் கை ஓரிடத்தில் நிற்காது. பாடம் நடத்தும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் பிடரிக்குப் போய்ச் சடையைத் தொட்டுவிட்டு வரும். இடுப்பைத் தாண்டித் தொங்கும் சடை எங்கே ஓடிப்போகப் போகிறதாம்? ஆனாலும் அந்தக் கைக்கு நம்பிக்கை கிடையாது.

1974இல் குடியாத்தத்தில் அவள் எட்டாவது படித்தாள். டைபாய்டு வந்து முடியெல்லாம் கொட்டி, காது மட்டத்துக்குத்தான் மிஞ்சியது. பள்ளியிலோ ரெட்டைச் சடையும் மடித்துக் கட்டிய ரிப்பனும் இல்லாமல் எந்தப் பெண்ணும் வாசலைத் தாண்டக் கூடாது. ஜெயசீலி டீச்சர் மூன்று நாள் திருப்பி அனுப்பினார். காய்ச்சலில் போன முடி என்று சொன்னதற்கு, "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். ரூல் ஒன்றுதான், தலைகள்தான் ஒன்றாக இல்லை.

நெசவாளியான அப்பா பரந்தாமன் முடிவு கட்டிவிட்டார். "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? ஊட்ல உக்காந்து தறிக்கு நூல் சுத்தட்டும்."

அம்மா தாயாரம்மாளுக்குப் பொறுக்கவில்லை. லுங்கிக்குச் சாயம் தோய்த்துக் காயப்போட்டிருந்த கறுப்பு நூலை எடுத்து, இரண்டு சடை பின்னி, கொண்டை ஊசி குத்தி அனுப்பினாள். அவசரத்தில் நூலை அலச மறந்துவிட்டாள்.

வாசலைத் தாண்டியாயிற்று. பிரேயரில் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளைச் சட்டையில் கறுப்பு வழிந்தது. "இன்னாடி இது?" என்று ஜெயசீலி டீச்சர் இழுக்க, சடை அவர் கையோடு வந்தது. பள்ளிக்கூடமே சிரித்தது. தனகோடி வீட்டுக்கு ஓடினாள். அந்த வருஷம் முழுக்க நூல்தான் சுற்றினாள். முடி வளர்ந்து திரும்பிப் போனபோது தோழிகள் ஒன்பதாவதில் இருந்தார்கள்.

படித்து முடித்து அதே பள்ளிக்கு டீச்சராக வந்தாள். 1986இல் வாசலில் சடை பார்க்கும் வேலை அவள் தலையில் விழுந்தது. ஒருநாள் தனபாக்கியம் என்ற நெசவாளி வீட்டுப் பெண் கட்டை முடியோடு வந்து நின்றாள்.

"காய்ச்சல்ல கொட்டிப்போச்சு டீச்சர்."

தலைமையாசிரியை பார்த்துக்கொண்டிருந்தார். தனகோடி சொன்னாள்: "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். நாளைக்கு ரெட்டைச் சடை போட்டுக்கினு வா."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று தனகோடிக்கு உறைத்தது. கூப்பிடுவதற்குள் பெண் போய்விட்டாள். தனகோடிக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் தனபாக்கியம் வந்தாள். காதோரம் இரண்டு கறுப்புச் சடைகள். நூல். தனகோடி முதலில் வானத்தைப் பார்த்தாள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

"கிட்ட வாம்மா."

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, சடைகளைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். கட்டை முடியோடு அவளை முதல் வரிசையில் நிறுத்திப் பக்கத்திலேயே நின்றாள். தலைமையாசிரியை முறைத்தார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்திருந்ததால், தனகோடியின் கை அன்று பிடரிக்குப் போகவில்லை.