அரைக்கட்டை இறக்கிய ஒன்பது பாட்டுகள்

லிஃப்ட்காரருக்கு அவர் வாய்தான் எதிரி. கையைப் பற்றி இதுவரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை. பதினெட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் உள்ள மோட்டார் அறைக்குள் நுழைந்தால், கருவிப் பையைத் திறக்கும் முன்பே கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்பார். "மூணாவது லிஃப்ட்ல பிரேக் உரசுது" என்பார். சொன்னபடியே இருக்கும். அதோடு விடுவாரா மனிதர்? "இந்தக் கட்டடத்து ஆளுங்க மாதிரியே லிஃப்டும் சும்மா சும்மா முனகுது" என்று காவலாளியிடம் ஒரு வார்த்தை கூடுதலாக விட்டுவிட்டுத்தான் கீழே இறங்குவார். வேலைக்கு மறுபடி கூப்பிடுவார்கள். டீ குடிக்கக் கூப்பிடமாட்டார்கள்.

அந்த வாய் செய்த பெரிய வினை இருபத்திரண்டு வருடங்களுக்கு முந்தையது. அப்போது அவர் நான்கு பேர் கொண்ட ஹார்ட் ராக் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். சொந்தப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது, எல்லாமே பெரிய குழுக்கள் பாடிப் பிரபலமானவை. பாடகனுக்கு 'இடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயருக்கேற்ற குரல்தான், ஆனால் உச்சத்துக்குப் போகும் இடத்தில் மட்டும் பிசிறடிக்கும். இதைக் கண்டுபிடித்ததும் லிஃப்ட்காரர்தான், வழி சொன்னதும் அவர்தான். கிட்டாரின் ஆறு தந்திகளையும் அரைக்கட்டை தளர்த்தினார். பேஸ் கிட்டார் வாசித்தவரையும் தளர்த்த வைத்தார். பாட்டு முழுவதும் சுருதியில் அரைப் படி கீழே இறங்கியது, இடியின் குரல் ஜம்மென்று மேலே போய் உட்கார்ந்தது. வெளியே ஒருவருக்கும் தெரியாது. ஆறு வருடம் அப்படியே ஓடியது.

கடைசி மேடையில் பாதியில் ஒரு தந்தி அறுந்தது. புதுத் தந்தி மாட்டும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்க வேண்டுமே என்று லிஃப்ட்காரர் மைக்கைப் பிடித்தார். "இது ஏன் அறுந்துதுன்னே தெரியல. ஐயாவோட தொண்டைக்கு எட்டாதுன்னு நாங்க எல்லாரும் அரைக்கட்டை தளர்த்தித்தான் வச்சிருக்கோம்" என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்தார். திரும்பிப் பார்த்தபோது மேடையில் இடி இல்லை.

அதற்குப் பிறகு இடி எங்கேயும் பாடவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தார், லிஃப்ட்காரர் வீட்டிலிருந்து மூன்றே தெரு தள்ளி. எதிரெதிரே வந்தால் ஒருவர் சாலையைக் கடந்துவிடுவார். எவர் கடப்பது என்பதில்கூட இருவருக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது.

பேரனைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்கு மூன்று மாதத்துக்கென்று போன லிஃப்ட்காரரின் மனைவி, விமானத்தில் போகும் தூரத்தில் இரண்டு வருடமாக இருக்கிறார். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி மட்டும்தான் சத்தம் போடும். அதன் சுருதி என்ன என்று லிஃப்ட்காரர் ஒருநாள் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததைச் சொல்ல ஆள் இல்லை. பரண்மேல் இருந்த கிட்டாரை இறக்கியது அதற்கு மறுநாள்தான்.

அந்தப் பழைய பாட்டுகளில் ஒன்பதைப் பதிவுசெய்து ஆல்பமாக்குவது என்று முடிவெடுத்தார். மனைவியின் துணி அலமாரிக்குள் ஆம்ப்ளிஃபயரை வைத்து, கதவிடுக்கில் கம்பளியைத் திணித்து, பக்கத்து வீட்டுக்காரர் வெளியே போகும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வாசித்தார். டிரம்ஸுக்குக் கம்ப்யூட்டர், பேஸுக்கும் அவரே. "என் துணியெல்லாம் செவிடாகப் போகுது" என்றார் மனைவி போனில். மகள் இன்னும் ஒரு படி மேலே போனாள்.

"யாரோ பாடின பாட்டைத் திரும்ப வாசிச்சு ஆல்பம் போட்டா யாருப்பா கேப்பாங்க? அசலே இருக்கே."

"கேக்கறவங்க கேக்கட்டும்" என்றார்.

நான்கு மாதம் ஆனது. கோப்புகளை எடுத்துக்கொண்டு, தனித்தனிப் பதிவுகளைச் சேர்த்து மிக்ஸிங் செய்பவரின் அறைக்குப் போனார். அவர் முதல் மூன்று பாட்டைக் கேட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

"சார், பாடினதை நீங்க கொண்டு வரவே இல்லையே?"

"பாடல. கிட்டார் மட்டும்தான்."

"அப்படின்னா பாட்டு வர்ற இடத்துல கிட்டார்ல மெட்டை வாசிச்சிருக்கணுமே. நீங்க அங்கெல்லாம் அடக்கி வாசிக்கிறீங்க. யாருக்கோ இடம் விட்ட மாதிரி இருக்கு. அப்புறம் ஒன்பதும் அசலைவிட அரைக்கட்டை கீழே இருக்கு. மறந்துட்டீங்களா?"

லிஃப்ட்காரர் நினைத்துப் பார்த்தார். பரணிலிருந்து இறக்கிய கிட்டாரை முதல் நாளே அவர் சுருதி சேர்த்தார். யோசித்துச் சேர்க்கவில்லை, கை தானாகப் போய் அரைக்கட்டையில் நின்றிருக்கிறது. நான்கு மாதமாக, பாட ஆளே இல்லாத வீட்டில், இடியின் தொண்டைக்கு வாசித்திருக்கிறார்.

"ஒரு பட்டனைத் தட்டினா ஏத்திடலாம் சார்" என்றார் மிக்ஸிங்காரர்.

"வேணாம். அப்படியே குடுங்க."

பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராகக் கண்ணாடிக் கடைக்குப் போனார். வாசலில் நின்று இரண்டு முறை திரும்பிப் போகப் பார்த்தார். உள்ளே இடி மட்டும் இருந்தார். தலை முழுக்க நரை.

"உட்காருங்க" என்றார் இடி. ஒரே தட்டில் சாப்பிட்டவன் 'உட்காருங்க' என்கிறான்.

"கிட்டத்துல இருக்கிறது தெரிய மாட்டேங்குது" என்றார் லிஃப்ட்காரர்.

கண் சோதிக்கும் கனமான பிரேமை இடி அவர் மூக்கில் மாட்டினார். இரண்டு முகத்துக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. "முதல்ல காட்டினது தெளிவா இருக்கா, இதுவா?" என்று ஒவ்வொரு வில்லையாக மாற்றிக் கேட்டார். குரல் கரகரத்திருந்தது. லிஃப்ட்காரர் எழுத்துகளைப் படித்தார். சொல்ல வந்ததைத் தவிர எல்லாவற்றையும் படித்தார்.

எழுந்திருக்கும்போது பென்டிரைவை மேசைமேல் வைத்தார். "நம்ம ஒன்பது பாட்டு. பாட்டு இல்லாம."

"நான் பாட்டெல்லாம் கேக்கறதில்லைங்க." இடி அதை எடுத்து, உடைந்த பிரேம்கள் கிடந்த இழுப்பறையில் போட்டார். "வெள்ளிக்கிழமை வந்து கண்ணாடியை வாங்கிக்குங்க."

அந்த வாரம் லிஃப்ட்காரர் மோட்டார் அறைகளில் நின்று கேட்டாலும் ஒன்றும் காதில் ஏறவில்லை. நன்றாக ஓடிய ஒரு பிரேக்கைக் கழற்றி மாட்டினார். வெள்ளிக்கிழமை மதியம் கடைக்குப் போனவர், கதவைத் தள்ளியதுமே, கால் உள்ளே போகும் முன் சொல்லிவிட்டார்.

"அன்னிக்கு மைக்ல நான் பேசினது தப்பு. கூட்டத்தைச் சிரிக்க வைக்கணும்னு உன்னைப் பலி குடுத்துட்டேன். அது அப்பவே தெரியும். வந்து சொல்லத்தான் இருபத்திரண்டு வருஷம் ஆச்சு."

இடி புதுக் கண்ணாடியின் காதுக்கம்பியைச் சூடுகாட்டி வளைத்து, அவருக்கு மாட்டிப் பார்த்தார். கழற்றினார். இன்னும் கொஞ்சம் வளைத்தார்.

"காதுக்குப் பின்னாடி அழுத்துதா?"

"இல்ல."

"அரைக்கட்டை பத்தாது" என்றார் இடி, கண்ணாடித் துணியை மடித்துக்கொண்டே. "ரெண்டு நாளா மதியம் கடையை மூடிட்டுப் பாடிப் பார்த்தேன். நாலாவது பாட்டுல தொண்டை ஏறவே மாட்டேங்குது. முழுசா ஒரு கட்டை இறக்குடா."

நான்கு மாத உழைப்பு மொத்தமும் குப்பைக்கு. பட்டனைத் தட்டி இறக்க அவருக்கு மனசு வராது, ஒன்பதையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். லிஃப்ட்காரருக்கு அழுகை வந்தது, புதுக் கண்ணாடி பழகவில்லை என்று சொல்லிச் சமாளித்தார். இடி நம்பியதுபோல் இருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் அலமாரி இருந்த அறையில் இரண்டு நாற்காலிகள். இரண்டு மாதம் கழித்து இருவரும் சேர்ந்து மிக்ஸிங் அறைக்குப் போனார்கள். மிக்ஸிங்காரர் முதல் பாட்டைக் கேட்டார். பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குரல் பிரமாதம். ஆனா சார், இப்ப முழு ஒரு கட்டை கீழே இருக்கே? ஏன்?"

இடி தரையைப் பார்த்தார். லிஃப்ட்காரர் தன் இடது கை விரல்களை நீட்டிக் காட்டினார்.

"எனக்கு வயசாயிடுச்சுங்க. தந்தியை இறுக்கி வச்சா விரல் வலிக்குது. எனக்காகத்தான் அவர் கீழே இறங்கிப் பாடினார்."

அதற்குமேல் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.